மருந்து இருக்கிறது; மலையடிவாரக் காலனிக்கு வழி எங்கே?

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தார். பருத்தி எடுக்கப் போனால் மற்றவர்கள் ஒரு நிரை முடிப்பதற்குள் இரண்டு நிரை முடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருப்பார். மூன்றாவது பிள்ளை பெற்ற எட்டாம் நாள் அவருக்குத் தூக்கம் போயிற்று. இரவெல்லாம் நடந்தார். பிள்ளையைத் தொட மறுத்தார். “இது எம்பிள்ள இல்ல, மாத்தி வச்சிட்டாக” என்று அழுதார்.

தெருவில் பாதிப் பேர் ‘சன்னி கண்டிருக்கு’ என்றார்கள். மீதிப் பேர் ‘காத்துக் கருப்பு அண்டிருக்கு’ என்றார்கள். கோடாங்கி வந்தார், உடுக்கை அடித்தார், வேப்பிலையால் அடித்தார். அடங்கவில்லை. கடன் வாங்கி, தொலைவில் உள்ள ஒரு வழிபாட்டுத் தலத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது பேச்சு குறைந்திருந்தது. ஒரு கணுக்காலில் கருப்பாக வளையம் போல் ஒரு தழும்பு இருந்தது. அதன் பிறகு சேலை விளிம்பைக் கீழே இழுத்துவிட்டு, அந்தக் காலை மறைத்தேதான் நடப்பார்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு மனநல மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. பேறுகாலத்துக்குப் பிறகு வரும் மனநோய் அது. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கும். உடனே மருத்துவமனையில் சேர்த்து மருந்து கொடுத்தால் பெரும்பாலானோர் முழுக்கக் குணமாகிவிடுவார்கள் என்றார். அப்போதும் அதற்கு மருந்து இருந்தது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பிரிவும் இருந்தது. எங்கள் தெருவுக்கு வந்து அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் காலனிகளில் இன்று அந்த நிலை எவ்வளவு மாறியிருக்கிறது? சட்டம் மாறியிருக்கிறது, மருந்து மலிந்திருக்கிறது, தொலைபேசி எண் வந்திருக்கிறது. ஆனால் மருந்துக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள தூரம் இன்னும் அப்படியே கிடக்கிறது. அந்தத் தூரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டும்.

28 உயிர்களுக்குப் பிறகு

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. நம் பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தின் ஏர்வாடியில், தனியார் நடத்திவந்த மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. ஏர்வாடியில் இருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன.

இறந்தவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. வேறு வழி தெரியாத குடும்பத்தார். அப்போது தமிழ்நாட்டில் மனநோய்க்கென்றே இருந்த பெரிய அரசு மருத்துவமனை ஒன்றுதான். 1794ல் தொடங்கப்பட்ட, சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மனநலக் காப்பகம். தென்கோடியில் இருப்பவர் அதன் வாசலைத் தொட ஓர் இரவுப் பயணம் வேண்டும். தேசிய மனநலத் திட்டம் 1982லேயே அறிவிக்கப்பட்டது. மாவட்ட மனநலத் திட்டம் 1996ல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது தமிழ்நாட்டில் திருச்சி அதில் இடம்பெற்றது. பிற மாவட்டங்களுக்கு அது படிப்படியாகவே வந்து சேர்ந்தது.

ஏர்வாடி எழுப்பிய கேள்விகளுக்குச் சட்டம் பதில் சொல்ல 16 ஆண்டுகள் ஆயின. 2017ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறி, 2018ல் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டத்தின் 95வது பிரிவு, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. 115வது பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும். அவரைத் தண்டிக்கக்கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்கிறது.

நமக்கு முக்கியமானது 18வது பிரிவு. மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது அது. பாலினம், மதம், வர்க்கம் ஆகியவற்றோடு ‘சாதி’ என்ற சொல்லையும் வெளிப்படையாக எழுதி, அதன் பேரால் பாகுபாடு கூடாது என்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நிறுவனங்களில் சிகிச்சை முழுக்க இலவசம் என்கிறது. இன்னும் ஒன்று: மனநோயாளி எவரும் சிகிச்சைக்காக நெடுந்தூரம் பயணம் செய்யவேண்டிய நிலை இருக்கக்கூடாது, வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே சேவை கிடைக்க வேண்டும்.

நெடுந்தூரம் கூடாது என்கிறது சட்டம். அப்படியானால் தூரத்தை அளந்து பார்ப்போம்.

ஒரு நாளின் கணக்கு

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத் தோப்புகளை ஒட்டிய ஒரு காலனியை எடுத்துக்கொள்வோம். ஒரு தாய், இருபத்தைந்து வயது மகன். மகனுக்கு இரண்டு வருடமாகக் காதில் குரல் கேட்கிறது. தனக்குத்தானே பேசுகிறான், குளிப்பதில்லை, வேலைக்குப் போவதில்லை. தாய் மாந்தோப்பில் கூலி வேலை செய்கிறார். இது தனி ஒருவரின் கதை இல்லை. எந்தக் காலனியிலும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் இதுபோல் ஒன்று இருக்கும்.

நோய் கடுமையாக இருந்தால் போகவேண்டிய இடங்கள்: மதுரை சுமார் 85 கிலோமீட்டர், திருநெல்வேலியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், விருதுநகர் ஐம்பதுக்கு மேல். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அது பெரிய மாற்றம், மறுக்க முடியாது. ஆனால் காலனியிலிருந்து முதலில் டவுன் பஸ் பிடித்து ராஜபாளையம் வர வேண்டும், அங்கிருந்து வெளியூர் பஸ் ஏற வேண்டும். பெண்களுக்கு உள்ள கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸோடு முடிந்துவிடுகிறது. வெளியூர் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் டிக்கெட் வாங்க வேண்டும். குரல் கேட்டு மிரண்டுபோயிருக்கும் மகனை நெரிசலான பஸ்ஸில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது எப்படி என்பதைத் தாயைத்தான் கேட்க வேண்டும். நடுவழியில் இறக்கிவிடப்பட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டு.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாள்களில் வருவது வழக்கம். அந்த நாள் எது என்று காலனிக்குத் தெரியாவிட்டால் அது வந்தும் வராததுதான். தெரியாமல் வேறு நாளில் போய், ‘அடுத்த வாரம் வாங்க’ என்று கேட்டுத் திரும்பினால் ஒரு நாள் கூலி போயிற்று. மாதம் ஒரு தடவை, தாயும் மகனை அடக்கிப் பிடிக்க இன்னொரு ஆளும் என்று வைத்தால் வருடத்துக்கு 24 நாள் கூலி. மருந்து இலவசம்தான், அதை வாங்கப் போவதற்கு இந்த விலை.

அதனால் என்ன நடக்கிறது? இரண்டு மாதம் மாத்திரை சாப்பிடுகிறான். குரல் குறைகிறது, தூங்குகிறான், வேலைக்கும் போகிறான். ‘இப்ப நல்லாத்தான இருக்கான், எதுக்கு ஒரு நாள் கூலிய விடணும்’ என்று வீடு நினைக்கிறது. மாத்திரை நிற்கிறது. சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் திரும்புகிறது, முன்பைவிட மூர்க்கமாக. அப்போது தெரு சொல்கிறது: ‘இங்கிலீஷ் மருந்துக்கு இது கேக்காது.’ உண்மையில் கேட்காமல் போனது மருந்து அல்ல. சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுவது போலத்தான் மனச்சிதைவுக்கும் என்பதை யாரும் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. தினமும் மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி உண்டு என்பதும் பல வீடுகளுக்குத் தெரியாது.

எத்தனை பேர்?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் ஒன்று. வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது என்றது அந்த ஆய்வு. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சையே பெறவில்லை என்றும் சொன்னது.

2011 கணக்கெடுப்பின்படி விருதுநகர் மாவட்ட மக்கள்தொகை 19.42 லட்சம். அதில் ஐந்தில் ஒரு பங்கு பட்டியல் சாதியினர். ஏறத்தாழ 4 லட்சம் பேர். வயது வந்தோர் இரண்டரை லட்சம் என்று குறைத்தே வைத்தாலும், நாடு தழுவிய அளவுகோலின்படி 25 ஆயிரம் பேருக்கு உதவி தேவை. அதில் குறைந்தது 17 ஆயிரம் பேர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் இருக்கிறார்கள் என்றாகிறது. இது தோராயமான மனக்கணக்குதான். ஆனால் எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் இத்தனை பேர் வரிசையில் நிற்பதை நாம் பார்த்ததில்லை. அப்படியானால் அவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள்.

மருத்துவர்களும் போதாது. நாட்டில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான் இருக்கிறார் என்று 2023ல் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது. இருக்கும் கொஞ்சப் பேரும் பெருநகரங்களில்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022ல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தோர் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நாடு முழுவதும் அவ்வாறு இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல், 26.4 சதவீதம் பேர், தினக்கூலிகள். தினக்கூலி என்ற சொல்லுக்குப் பின்னால் எந்தத் தெருக்கள் இருக்கின்றன என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சாதி எங்கே வருகிறது?

‘மனநோய்க்குச் சாதி ஏது?’ என்று கேட்பவர்கள் உண்டு. நோய் எல்லோருக்கும் வரும், உண்மை. ஆனால் நோயை வரவழைக்கும் காரணங்களும், வந்த பின் கிடைக்கும் உதவியும் எல்லோருக்கும் ஒன்றல்ல.

நேபாளத்தின் ஜும்லா மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு 2009ல் வெளியானது. அங்குள்ள தலித்துகளிடம் மனச்சோர்வு உயர்சாதியினரைவிட அதிகம் என்றது அது. காரணம் பிறப்பு அல்ல. கையில் வருமானமும் மாடுகன்றும் இல்லாததும், வாழ்க்கையில் அடுத்தடுத்து விழும் அடிகளும்தான் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். இந்தியாவில் ஆறு மாநிலங்களின் தரவுகளை வைத்து 2020ல் ஆசிஷ் குப்தாவும் டயான் காஃபியும் எழுதிய கட்டுரை, பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் கூடுதலான மனத்துயரில் இருப்பதைக் காட்டியது. படிப்பையும் வசதியையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளி முழுக்க மறையவில்லை. கொஞ்சம் பணம் சேர்ந்தால் அவமானம் நின்றுவிடுவதில்லை என்பதை நம் வீடுகள் ஆய்வு இல்லாமலேயே அறியும்.

நம் வட்டாரத்தையே பாருங்கள். 1997ல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் அமைந்ததை ஒட்டி எழுந்த கலவரத்தில் இந்த மாவட்டம் பற்றி எரிந்தது. கடைசியில் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. அன்று வீட்டை விட்டு ஓடிய குழந்தைகளுக்கு இப்போது முப்பத்தைந்து, நாற்பது வயது. இரவில் மோட்டார் சைக்கிள் சத்தம் சேர்ந்து கேட்டால் திடுக்கிட்டு எழுகிறவர்கள் அவர்களில் உண்டு. அதற்குப் பேர் கோழைத்தனம் இல்லை. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனப்பாதிப்பு என்கிறது மருத்துவம். அதற்கும் சிகிச்சை உண்டு.

பட்டாசு ஆலை விபத்துகளும் அப்படித்தான். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் என்று ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் இறந்தவருக்கு இவ்வளவு, காயம்பட்டவருக்கு இவ்வளவு என்று நிவாரணம் அறிவிக்கப்படுகிறது. தீயிலிருந்து தப்பி, பக்கத்து அறையில் வேலை பார்த்தவள் எரிவதைக் கண்ணால் பார்த்தவருக்குத் தோலில் காயமில்லை. எனவே அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. மறு மாதம் பிழைப்புக்காக அதே வேலைக்குப் போகிறார்.

நகராட்சித் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளில் குடி பெரும் பிரச்சினை. நாற்றத்தைத் தாங்கக் குடிக்கத் தொடங்கி, பிறகு குடியே தாங்க முடியாததாகிறது. ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை கால் நடுங்கும், இல்லாத பூச்சி உடம்பில் ஊர்வதாகத் தோன்றும், யாரோ கொல்ல வருவதாகக் கத்துவார், வலிப்பும் வரலாம். இது பேய் இல்லை. உயிரைப் பறிக்கக்கூடிய அவசர நிலை. உடனே 108ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கோயிலில் கட்டிவைத்துக் காத்திருந்தால் ஆள் கிடைக்கமாட்டார்.

சாதி, சிகிச்சை நடக்கும் இடத்திலும் வருகிறது. ஊருக்குள் ஆதிக்க சாதியினரின் சமுதாயக் கூடத்தில் முகாம் போட்டால் காலனிக்காரர்கள் வரமாட்டார்கள்; வந்தாலும் வாசலில் நிற்பார்கள். ‘கிறுக்கு’ என்ற பட்டம் ஏற்கனவே உள்ள பட்டத்தோடு சேர்ந்துவிடும் என்ற பயம் வேறு. பெண்ணுக்கு வரன் தேடும் வீடு, மகனின் நோயை மறைக்கத்தான் பார்க்கும். டாக்டரிடம் போகும் பெண்ணும் ‘மனசு சரியில்ல’ என்று சொல்வதில்லை. ‘மேலுக்கு முடியல, நெஞ்சு படபடங்குது, தூக்கமில்ல, கை காலெல்லாம் அசதி’ என்கிறார். சத்து மாத்திரையோடு திரும்பி வருகிறார். தளவாய்புரத்தில் நைட்டி தைப்பவரானாலும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் நிற்பவரானாலும், மில்லில் ராத்திரி ஷிப்டு பார்ப்பவரானாலும் இந்த வாக்கியம் மாறுவதில்லை. வெளி மாநிலங்களுக்கெல்லாம் காயத்துக்குக் கட்டும் துணி அனுப்புகிற வட்டாரம் இது.

எல்லாவற்றுக்கும் மாத்திரைதான் தீர்வு என்று சொல்ல வரவில்லை. வன்கொடுமைக்கு ஆளானவரின் தூக்கமின்மைக்கு முதல் மருந்து நீதி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் சமூகப் பொருளாதார மறுவாழ்வு தர வேண்டும் என்கிறது. அந்த மறுவாழ்வில் மனநல உதவியும் சேர வேண்டும். ஆனால் வழக்கு முடியும்வரை நோய் காத்திருக்காது. நீதிக்குப் போராடுவதும் மாத்திரை சாப்பிடுவதும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல.

கோயிலும் கோடாங்கியும்

கோயிலுக்குப் போவதைக் கேலி செய்வது எளிது. தமிழகக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரை ஆராய்ந்து, நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் குழுவினரும் 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சில வாரங்கள் தங்கியதில் நோய்க்குறிகள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தன. அங்கே அடி இல்லை, சங்கிலி இல்லை. குடும்பத்தாரும் கூடத் தங்கினார்கள். அமைதியும் மரியாதையும் இருந்தன. யாரும் காசு கேட்கவில்லை, அவசரப்படுத்தவில்லை.

ஆஸ்பத்திரி இதிலிருந்து கற்க வேண்டியது இருக்கிறது. நம் மக்கள் கோடாங்கியிடம் போவது அறியாமையால் மட்டும் இல்லை. அவர் பக்கத்தில் இருக்கிறார், வீட்டுக்கு வருகிறார், உட்கார்ந்து பேச்சைக் கேட்கிறார். ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையோடு மருந்தும் தரும் முயற்சி பின்னாளில் தொடங்கப்பட்டது. சாமியை விடச் சொல்ல வேண்டாம். சாமியோடு மாத்திரையையும் சேர்க்கச் சொன்னால் போதும். அடியையும் சங்கிலியையும் மட்டும் ஒருபோதும் ஏற்கக்கூடாது.

வீட்டுக்கு வந்தால் நடக்கும்

இது ஆகாத காரியம் இல்லை. தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. மருத்துவர் சாரதா மேனன் 1984ல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு பங்கேற்ற ஓர் ஆய்வு காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்கள், கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய மூன்று இடங்களில் நடந்து, 2014ல் லான்செட் இதழில் வெளியானது. டாக்டர் பட்டம் இல்லாத உள்ளூர் ஆள்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சிதைவு உள்ளவர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் மாத்திரையை நினைவூட்டினார்கள், குடும்பத்தோடு பேசினார்கள், அரசு உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள். அதிலும் நல்ல பலன் கிடைத்தது காஞ்சிபுரம் கிராமங்களில்தான். ஆஸ்பத்திரி எட்டாத இடத்தில்தான் வீடு தேடி வரும் ஆளின் அருமை கூடுதல்.

ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாட்டில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, சுகாதார நிலைய வளாகத்தில் மரப்பெஞ்சு போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை உட்கார வைத்தார். மனம் உடைந்து வருபவர்கள் அந்தப் பாட்டியோடு பேசுவார்கள். ஆறு மாதத்தில் மனச்சோர்வு வெகுவாகக் குறைந்ததை 2016ல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. நம் காலனிகளில் பாட்டிகளுக்கும் பஞ்சமில்லை, திண்ணைகளுக்கும் பஞ்சமில்லை.

கேட்க வேண்டியவை

இந்த வட்டாரத்துக்காக நாம் கேட்பது வானத்து நட்சத்திரம் இல்லை.

ஒன்று, மனநல மருத்துவர் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளுக்கும் வட்டார சுகாதார நிலையங்களுக்கும் வரும் நாளும் நேரமும் ஒவ்வொரு காலனி அங்கன்வாடியிலும் ரேஷன் கடையிலும் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

இரண்டு, 2021ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அதே பையில், மருத்துவர் எழுதிய மனநல மாத்திரையும் ஒவ்வொரு காலனிக்கும் தவறாமல் வர வேண்டும். அப்படி வந்தால் அந்தத் தாயின் 24 நாள் கூலி மிஞ்சும்.

மூன்று, பிரசவத்துக்குப் பிறகு வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர் குழந்தையின் எடையைக் கேட்பதோடு தாயின் தூக்கத்தையும் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வி எங்கள் பெரியம்மாவின் வாழ்க்கையை மாற்றியிருக்கும்.

நான்கு, வீடு தேடிச் செல்லும் மனநலப் பணிக்கு அந்தந்தக் காலனிப் பெண்களையே, அருந்ததியர் குடியிருப்பு, பளியர் குடியிருப்பு உட்பட, சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும். முகாம்களைக் காலனியிலோ எல்லோரும் கூசாமல் வரும் பொது இடத்திலோ நடத்த வேண்டும்.

ஐந்து, வன்கொடுமை, பட்டாசு விபத்து நடந்த இடங்களுக்கு வருவாய்த் துறையோடு மனநலக் குழுவும் செல்ல வேண்டும். ஒரு தடவை அல்ல, ஒரு வருடத்துக்கு.

ராஜபாளையமும் தனித்தொகுதி ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசி தனித்தொகுதிக்குள் வருகின்றன. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோட்டையும் குடிநீரையும் கேட்பது போல் இதையும் கேட்கலாம்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

தூக்கம் போய்விட்டது, தனியே பேசுகிறார், சந்தேகப்படுகிறார், சாப்பாட்டை வெறுக்கிறார், ‘நான் இருந்து என்ன’ என்கிறார்; இதில் எது இரண்டு வாரம் நீடித்தாலும் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மனநல மருத்துவர் வரும் நாளைக் கேளுங்கள். ‘செத்துப் போகிறேன்’ என்றால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே கூட்டிப் போங்கள், தனியே விடாதீர்கள். பூச்சி மருந்தைப் பூட்டி வையுங்கள். அப்படிச் சொல்பவரிடம் வெளிப்படையாகக் கேட்டால் எண்ணம் வலுத்துவிடும் என்பது தவறு. கேட்டால் பாரம் குறையும்.

கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் பத்திரமாக வையுங்கள். 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் ஒரு மாற்றுத்திறன்; 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு என்று சான்று பெற்றால் அரசின் உதவிகளுக்கு அந்தச் சீட்டுகள் கைகொடுக்கும்.

சிகிச்சை மறுக்கப்பட்டால், அவமதிக்கப்பட்டால், யாரையாவது கட்டி வைத்திருப்பது தெரிந்தால் சட்ட உதவி கேளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மனநோயாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். மாவட்ட நீதிமன்றமும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருப்பது விருதுநகரில் அல்ல, நம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். இந்த ஒன்றாவது நமக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பெரியம்மா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ‘எம்பிள்ள இல்ல’ என்று அவர் சொன்ன அந்தக் குழந்தைதான் கடைசிவரை அவருக்குக் கஞ்சி ஊற்றியது. இறந்த அன்று குளிப்பாட்டும்போதுதான் அந்தத் தழும்பை அவருடைய பேத்திகள் முதல்முறையாகப் பார்த்தார்கள். ‘இது என்ன?’ என்று கேட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

(மனநல ஆலோசனைக்கு, கட்டணமின்றி, தமிழில், 24 மணி நேரமும்: 14416. மருத்துவ ஆலோசனைக்கு: 104. அவசர ஆம்புலன்ஸ்: 108. இலவசச் சட்ட உதவி: 15100.)